உள்ளே ஓர் அங்குலம்

“வயித்தை இழுக்காதீங்க. டேப்பை ஏமாத்தலாம், பேன்ட்டை ஏமாத்த முடியாது” என்று சொல்லியபடி பஸ் டிரைவரின் இடுப்பைச் சுற்றி டேப்பை ஓட்டுகிறாள் குண்டூசி அக்கா. டிரைவர் அசட்டுச் சிரிப்போடு மூச்சை விடுகிறார். அளவு ஒன்றேகால் அங்குலம் கூடுகிறது. கூடிய அளவைத்தான் அவள் சீட்டில் எழுதிக்கொள்கிறாள்.

மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது அவள் கடை. நீளம் ஏழடி, அகலம் நாலரை அடி. தலை இடிக்கிற பக்கத்தில் மெஷின், இடிக்காத பக்கத்தில் வாடிக்கையாளர். புதிதாக எதையும் தைப்பதில்லை. இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பது, பெருத்தவர்களுக்குப் பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது, கால் உயரம் குறைப்பது, இவ்வளவுதான் வேலை. வயது அறுபத்தொன்பது. அதில் முப்பத்தெட்டு ஆண்டுகள் இந்தப் படிக்கு அடியிலேயே போயின.

பெயர் வந்த கதை எளிது. வேலை நடக்கும்போது மூன்று குண்டூசிகள் எப்போதும் உதட்டின் இடது ஓரத்தில் இருக்கும். அவற்றை எடுக்காமலே வலது ஓரத்தால் பேசுவாள், அதட்டுவாள், எதிரே சலவைக்கடைக்காரரோடு வம்பளப்பாள். நூலைக் கத்தரியால் வெட்டியதே கிடையாது. குனிந்து, முன்பல்லால் ஒரு கடி. திருமணம் செய்துகொள்ளவில்லை. பத்து நிமிட நடையில் இரண்டு அறை வீடு. கூட இருப்பவள் தங்கச்சி. ஐந்து வயது இளையவள், கணவர் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன, பள்ளிக்கூடக் கேன்டீனில் தினம் முந்நூறு பேருக்குச் சமைத்து ஓய்வு பெற்றவள், உடம்பு வாட்டசாட்டம். மதியச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு அவள் தினமும் கட்டடத்துக்கு வருவதால், அங்குள்ளவர்கள் இருவருக்கும் சேர்த்தே பெயர் வைத்துவிட்டார்கள்: குண்டூசியும் குண்டும்.

“உனக்கு முழுப் பேரு, எனக்குப் பாதிப் பேரா?” என்று தங்கச்சி கேட்பாள்.

“குண்டு ரெண்டு பேருக்கும் பொதுதான்டி. உன்கிட்ட ஊசி இல்லை, அவ்வளவுதான்.”

அக்காவிடம் ஒரு விதி உண்டு. பிடித்துத் தைக்கும்போது மிஞ்சும் துணியை ஒட்ட வெட்ட மாட்டாள். தையல் கோட்டுக்கு வெளியே கட்டைவிரலைப் படுக்க வைத்துப் பார்ப்பாள். அந்த அகலம் சரியாக ஓர் அங்குலம். அதற்குக் குறையாமல் உள்ளே துணி நின்றாக வேண்டும். சலவைக்கடைக்காரர் ஒருமுறை, காய்ச்சலில் இளைத்துப்போன மகனின் கோட்டைப் பிடித்துத் தைக்கக் கொடுத்துவிட்டு, உள்ளே துணி தடித்துக்கொண்டு நிற்கிறது, வெட்டிவிட்டால் என்ன என்றார்.

“உடம்பு போகும், வரும். வெட்டின துணி வருமா? நாளைக்கு உங்க பையன் தேறி வந்து நின்னா எதை எடுத்துப் பிரிச்சு விடுறது?”

பையன் தேறினான். ஏழு மாதம் கழித்து அதே கோட்டு பிரித்து விடுவதற்கு வந்தது. “எங்க விட்டேனோ அங்கேயே இருக்கு பாருங்க” என்று உள்துணியை இழுத்துக் காட்டினாள். தங்கச்சி இந்தக் கதையைச் சாப்பாட்டு மேசையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். கேட்டுக் கேட்டுத் தையல் தெரியாமலே தையலின் கணக்கெல்லாம் அவளுக்குத் தெரியும்.

குண்டூசிகள் வாயை விட்டு இறங்கியது மூன்று ஆண்டுகளுக்கு முன், மார்ச் மாதம் இரண்டாவது வாரத்தில். மணிக்கட்டில் பஞ்சு வைத்த சிறு மெத்தை ஒன்றைக் கட்டிக்கொண்டு, ஊசிகளை அதில் குத்தத் தொடங்கினாள். ஜூன் மாதம் கழுத்தில் ஒரு நாடா ஏறியது. நாடாவில் சின்னக் கத்தரி. நூலைக் கடிப்பது நின்றது. “இப்பவாவது புத்தி வந்துச்சே, ஊசியை முழுங்கிடுவீங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்” என்றார் சலவைக்கடைக்காரர். அக்கா “ம்” என்றாள். அந்த ஆண்டு முழுவதும் அவள் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக அந்த “ம்”முக்குள் போய்ச் சேர்ந்தது. சிரிக்கும்போது புறங்கை வாயை மூடிக்கொண்டது. வீட்டில், தங்கச்சிக்கு எதிர் நாற்காலியில் உட்காருகிறவள் ஜன்னலோர நாற்காலிக்கு மாறினாள். காற்று வேண்டும் என்றாள்.

சாப்பாட்டில் நடந்தது இன்னும் மெல்ல நடந்தது. முதலில் வறுத்த கடலை தங்கச்சியின் தட்டுக்கு நகர்ந்தது. பிறகு ஆப்பிள் துண்டு. பிறகு இறைச்சி. ஒவ்வொன்றும் நகரும்போது அதே சொல்: “இது உனக்குப் பிடிக்குமே.” கடைசியில் அக்கா தட்டில் நின்றவை ஓரம் நீக்கிய ரொட்டியும், டீயில் நனைத்த பிஸ்கட்டும், இரவில் கஞ்சியும். வயசானால் பசி குறையும் என்று தங்கச்சி நினைத்துக்கொண்டாள். உள்ளுக்குள் ஒரு வருத்தமும் இருந்தது. முந்நூறு பிள்ளைகள் தட்டை வழித்துத் தின்ற சமையல், கூடப்பிறந்தவளுக்கு இறங்கவில்லையே என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அது வாய்ச்சண்டையாகவே வெடித்தது.

“என் சமையல் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடு.”

“பிடிக்குதுடி.”

“பிடிச்சா ஏன் எல்லாம் என் தட்டுக்கு வருது?”

“உன் சட்டையைப் பிரிச்சு விடுற வேலை எனக்கு வேணாமா?” என்று புறங்கையால் வாயை மறைத்துச் சிரித்தாள் அக்கா. அன்று மாலையே தங்கச்சியின் சட்டைகளைப் பக்கத்துக்கு அரை அங்குலம் பிரித்து விட்டும் கொடுத்தாள். தங்கச்சி அதோடு சமாதானமாகிவிட்டாள்.

அக்கா இளைப்பது யார் கண்ணுக்கும் படவில்லை. தினம் பார்க்கிற கண்ணுக்கு எதுவும் தெரியாது என்பது ஒன்று. இன்னொன்று, இளைத்தவர்களை ஊர் கண்டுபிடிப்பது தொளதொளத்த சட்டையை வைத்துத்தான். அக்காவின் நான்கு சட்டைகளும் என்றும் தோளில் சரியாக உட்கார்ந்தன, இடுப்பில் சரியாக இறங்கின. “வயசாக ஆக ஸ்டைலாயிட்டே போறீங்க” என்று சலவைக்கடைக்காரர்கூடச் சொன்னார்.

இந்த ஆண்டு பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அக்காவின் வலது தாடை வீங்கியது. உடம்புச் சூடுதான், படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கடை பூட்டியிருந்தது. சும்மா இருக்க முடியாத தங்கச்சி, அக்காவின் சட்டைகளை இஸ்திரி போடலாம் என்று எடுத்தாள். சட்டையை உள்பக்கம் திருப்பித்தான் தேய்க்க வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. அதுவரை தன் சட்டையை அவளேதான் தேய்த்துக்கொள்வாள்.

முதல் சட்டையைத் திருப்பினாள். பக்கவாட்டுத் தையலில் ஒரு வரி இருக்க வேண்டிய இடத்தில் ஏழு வரிகள் ஓடின. கால் அங்குலத்துக்கு ஒரு வரி, ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே உள்ளே நகர்ந்து. ஒரு வரி பழுப்பு நூல், ஒரு வரி நீலம், ஒரு வரி கறுப்பு. அந்தந்த நாளில் மெஷினில் எந்த வாடிக்கையாளரின் நூல் ஏறியிருந்ததோ அது. இரண்டாவது சட்டையிலும் ஏழு. மூன்றாவதிலும் ஏழு. ஒரு வரி உள்ளே வந்தால், இரண்டு பக்கமும் சேர்த்துச் சுற்றளவில் ஓர் அங்குலம் குறைகிறது. முதல் வரி வாங்கினபோது இருந்தது, மிச்சம் ஆறு. முப்பத்தெட்டு அங்குலத்தில் ஆறு போனால் முப்பத்திரண்டு. தங்கச்சி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, விரலால் மறுபடி எண்ணினாள். தொகை மாறவில்லை.

நான்காவது, சாம்பல் நிறச் சட்டை. அதில் ஒரே வரிதான் இருந்தது. இதையாவது தொடவில்லை என்று ஒரு கணம் அவளுக்கு மூச்சு வந்தது. பிறகு தையல் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். உள்ளே துணியே இல்லை. தையலை ஒட்டி, ஒரு நூல் இடம் விட்டு, வெட்டி, நூல் பிரியாமல் ஓரம் அடித்திருந்தது.

அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“அக்கா, இதுல துணி எங்கே?”

“எதுல?”

“உள்ள விடுற துணி.”

 “உறுத்துச்சு. வெட்டிட்டேன்” என்றாள் அக்கா, திரும்பாமலே.

“உறுத்துதுன்னா வெட்டுற ஆளா நீ? ஊருக்கெல்லாம் கட்டைவிரலு வெச்சுப் பார்ப்பியே.”

“ஊருக்கு உடம்பு திரும்பி வரும்டி.”

 தங்கச்சி அக்காவின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். திருப்பும்போதுதான் அந்தத் தோள் அவள் உள்ளங்கைக்குள் அடங்கியது தெரிந்தது. “வாயைத் திற” என்றாள். கேன்டீனில், சோப்பைத் தின்றுவிட்ட பிள்ளையிடம் சொல்கிற குரல் அது. அக்கா தலையை ஆட்டினாள். “நான்தானே. திற.”

மூன்று ஆண்டுகளாக மூடியிருந்த வாய் திறந்தது. முதலில் வந்தது வாடை. ஜன்னலோர நாற்காலி எதற்கு என்று அந்த நொடியில் புரிந்தது. ஈறு பல்லை விட்டுக் கீழே இறங்கி, சிவந்து, ஓரத்தில் சீழ் கட்டியிருந்தது. பற்கள் நீண்டு தெரிந்தன. தங்கச்சி ஒரு கீழ்ப்பல்லின் மேல் விரலை வைத்தாள். ஒற்றை நூலில் தொங்கும் பொத்தானைப் போல அது சாய்ந்து கொடுத்தது.

“இதோட எப்படிக்கா இத்தனை நாள்…”

“கடிச்சாத்தானே வலிக்கும். கடிக்காம இருந்துட்டேன்.”

பல் மருத்துவமனையில் எடை பார்த்தார்கள். நாற்பத்து நான்கு கிலோ. மூன்று ஆண்டுகளுக்கு முன் கண் பரிசோதனைக்குப் போன சீட்டு தங்கச்சியின் கைப்பையில் இருந்தது, அதில் அறுபத்தொன்று. டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். அவசரப்படாதவர். இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஈறு பழுத்துக் கிடக்கும்மா. அஞ்சு பல்லை எடுத்தே ஆகணும். மத்ததைச் சுத்தம் பண்ணிக் காப்பாத்தப் பார்க்கலாம். ஆனா புண்ணு ஆறணும்னா உடம்புல சத்து வேணும். சத்து சேரணும்னா நீங்க நல்லாச் சாப்பிடணும். சாப்பிடணும்னா ஈறு ஆறணும். ஒண்ணு இன்னொண்ணைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே போயிருக்கு.”

அக்கா புறங்கையை வாயிலிருந்து எடுக்காமல் கேட்டாள்: “அப்போ எந்த முனையிலேருந்து பிரிக்கிறது?”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “சாப்பாட்டுலேருந்து” என்றார்.

“பல்லைப் பிடுங்கினா எங்கம்மா மாதிரி போயிடுவேன்” என்றாள் அக்கா. அதுதான் மூன்று ஆண்டுகளாக உள்ளே வைத்திருந்தது. அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயதில், இருந்த பத்தொன்பது பற்களையும் ஒரே நாளில் எடுத்தார்கள். அதன்பின் அம்மா இருந்தது ஏழு மாதம். பல் போனதால்தான் அம்மா போனாள் என்று அக்கா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

“பல்லு எடுத்த பிறகு என்ன சாப்பிட்டாங்க?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“கஞ்சிதான். தண்ணியா.”

“கூட வேற? முட்டை, பருப்பு, ஏதாவது மசிச்சு?”

“மெல்ல முடியாதவங்களுக்கு அதெல்லாம் எதுக்குன்னு…”

“எத்தனை நாள் இப்படி?”

“ஏழு மாசமும்.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அவங்களுக்கு வேற என்ன நோய் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. பல்லுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் சொன்னார்.  அந்தக் கஞ்சியைத் தினம் மூன்று வேளை, கட்டி தட்டாமல், வடிகட்டி, பதமான சூட்டில் கொடுத்தது தங்கச்சி. அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. அம்மாவின் வாயைத் துடைத்து, “நல்லா இறங்குதா?” என்று கேட்பாள். அம்மா தலையசைப்பாள். நன்றாகத்தான் இறங்கியது.

திரும்பி நடக்கும்போது அக்கா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “மசிச்சுக் கொடுக்கலாம்னு நமக்கு யாரு சொன்னாங்க?” என்றாள்.   தங்கச்சி கடையில் நின்று முட்டை வாங்கினாள்.

அன்று முதல் வீட்டில் மிக்ஸி ஓய்வதில்லை. வேகவைத்த முட்டையைப் பாலோடு மசிப்பது, பருப்பையும் கேரட்டையும் சேர்த்து அரைப்பது, இறைச்சியைக் குழைய வேகவிட்டு நாரெடுத்து அரைப்பது, பழத்தைக் கூழாக்குவது. அப்படி அரைத்ததை இரண்டு தட்டில் போடுகிறாள். அக்காவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று.

“உனக்குத்தான் கல்லு மாதிரி பல்லு இருக்கே. நீ ஏன் இந்தக் கூழைத் தின்னுற?”

“எனக்குப் பிடிச்சிருக்கு” என்கிறாள் தங்கச்சி, தட்டைப் பார்த்துக்கொண்டே.

ஐந்து பற்களையும் இரண்டு தவணையாக எடுத்தார்கள். முதல் தவணைப் புண் மூட இருபத்து மூன்று நாள் ஆயிற்று. மே மாதம் ஆறாவது பல் ஒன்று, யாரும் தொடாமலே, பால் ரொட்டிக்குள் விழுந்தது. அக்கா அதைக் கழுவி, காகிதத்தில் மடித்து, பொத்தான் டப்பாவில் போட்டு வைத்தாள். கட்டுப்பல் பொருத்துவதற்கு ஈறு இன்னும் உறுதிப்பட வேண்டுமாம். மிச்சப் பற்களைப் பற்றி இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டரம்மா. எடை நாற்பத்தைந்தே முக்கால். நான்கு மாதத்தில் ஒன்றே முக்கால் கிலோ. ஒரு மாதம் ஏறியது, ஒரு மாதம் அசையவில்லை, ஒரு மாதம் இறங்கிவிட்டு மறுபடி ஏறியது.

கடைக்கு மறுபடி வருகிறாள். மதியத்துக்கு மேல் கை நடுங்குவதால் நேர்த்தையல் எல்லாம் காலையிலேயே முடிந்துவிடுகிறது. குண்டூசிகள் மணிக்கட்டில்தான். டிரைவர்களை அதட்டுகிறாள், சொற்களுக்கு நடுவே இப்போது காற்று வருகிறது. “என்ன அக்கா, விசிலடிக்கிறீங்க” என்றார் சலவைக்கடைக்காரர், தெரியாமல். பிறகு தெரிந்துகொண்டு, மறுநாள் ஆறு வாழைப்பழங்களைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

போன வெள்ளிக்கிழமை தங்கச்சி சாப்பாட்டுப் பையோடு இரண்டு மீட்டர் துணியும் கொண்டுவந்தாள். வெளிர்ப்பச்சை, சின்னக் கட்டம்.

“இது யாருக்கு?”

“உனக்கு. அந்தச் சாம்பல் சட்டையை இனிமே போடாதே.”

“நான் புதுசா தைக்கிறதில்லைன்னு தெரியாதா உனக்கு?”

“திருத்துற சட்டைன்னு நெனச்சுக்கோ. எழுந்திரு, அளவெடுக்கிறேன்.” அக்காவின் கழுத்திலிருந்து டேப்பை உருவிக்கொண்டாள் தங்கச்சி. “மூச்சை இழுக்காதே. டேப்பை ஏமாத்தலாம்…”

“தெரியும்டி” என்றாள் அக்கா.

முப்பத்திரண்டரை. அரை அங்குலம் கூடியிருந்தது.  அக்கா துணியை இரண்டாக மடித்துப் பலகையில் விரித்தாள். உள்ளங்கையால் சுருக்கம் நீவினாள். சாக்கட்டியை எடுத்து, உடம்பின் அளவுக்குத் தையல் கோட்டை இழுத்தாள். கோடு லேசாக நடுங்கியது; அழித்துவிட்டு மறுபடி இழுத்தாள். இனி வெட்டுகிற கோடு. கையில் சாப்பாட்டுப் பையோடு தங்கச்சி பலகைக்கு அந்தப் பக்கம் அசையாமல் நின்றாள்.

அக்கா கோட்டுக்கு வெளியே கட்டைவிரலைப் படுக்க வைத்தாள், எல்லாருக்கும் வைப்பதைப் போல. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு கட்டைவிரலை எடுத்துவிட்டு, அதே இடத்தில் சுண்டுவிரலை வைத்து, அந்த அரை அங்குலத் துணியை உள்ளே விட்டு, அதன் ஓரமாகக் கோடு இழுத்து, கத்தரியை எடுத்தாள்.